1980 ஜனவரி ஒன்றாம் தேதி எடுத்த நகல்

தங்கச்செல்வி வைத்த பாஸ்வேர்டை மாதவன் அவள் கண் முன்னாலேயே ஒற்றை விரலால் தாண்டிக் காட்டினான். திரையின் நடுவில் பெயரையும் ரகசியச் சொல்லையும் கேட்டு ஒரு சின்னக் கட்டம் நின்றது. அவன் கீபோர்டின் மூலையிலிருந்த எஸ்கேப் பொத்தானைத் தட்டினான். கட்டம் மறைந்தது. அவளுடைய பைல்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"இதுக்குப் போயா நாலு நாளா மெனக்கெட்டீக, அக்கா? இது பூட்டு இல்ல. வாசல்ல போட்ட கோலம். தாண்டிப் போக வேண்டியதுதான்."

"தாண்டத் தெரிஞ்சா தாண்டிருவியா? அது எம் பைலு."

"மெஷினு சங்கத்து மெஷினு. ஒங்க வீட்டுப் பீரோவா?"

அவன் சொன்னதில் பாதி உண்மை. அருப்புக்கோட்டை திருச்சுழி ரோட்டில், வியாபாரிகள் சங்கத்தின் மாடியில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். 1999 பொங்கலுக்கு மறுவாரம் மதுரையிலிருந்து வந்து இறங்கியது. காலை பத்திலிருந்து ஒரு மணி வரை அது மாதவனுக்கு. சங்கத்தின் கடிதங்கள், உறுப்பினர் பட்டியல், கூட்ட அறிவிப்பு எல்லாம் அவன் வேலை. இரண்டிலிருந்து ஆறு வரை தங்கச்செல்விக்கு. அவள் வரன் தகவல் பிரிவைப் பார்த்துக்கொண்டாள். மாதவனுக்கு இருபத்தெட்டு வயது. சங்கச் செயலாளர் சங்கரலிங்கத்தின் அக்காள் மகன். ஆறு மாதம் மதுரையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவன். அந்த மெஷின் தனக்காகவே வாங்கப்பட்டது என்றும், அதில் பாதி நாளை ஒரு பொம்பளைக்குக் கொடுத்தது அநியாயம் என்றும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

தங்கச்செல்விக்கு முப்பத்தாறு. வியாபாரத்துக்கென்று சூரத்துக்குப் போன கணவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு அம்மா வீட்டுக்குத் திரும்பியவள். ஆறு வருடமாகச் சங்கத்தில் ஜாதகங்களை வாங்கி வைத்து, பொருத்தமான வீடுகளுக்குத் தகவல் சொல்லிவந்தாள். ஜாதகம் கொடுக்க வருகிறவர்கள் எல்லா விவரத்தையும் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்வார்கள். பிறகு படியிறங்கப் போய், பாதியில் திரும்பி மேலே வந்து, குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு விஷயம் சொல்வார்கள். நிச்சயமாகி முறிந்தது, காதுக்குப் பின்னால் வெள்ளைத் தழும்பு, ஜெயிலில் இருக்கிற அண்ணன். அந்த விஷயம்தான் உண்மையான விவரம் என்பது அவளுக்குத் தெரியும். அது தெரியாமல் இரண்டு வீட்டைச் சேர்த்து வைத்தால் பின்னால் பிள்ளைகள்தான் அழவேண்டும்.

நோட்டில் எழுதிய காலத்தில் அவற்றை எழுத்தாக எழுதியதில்லை. ஒரு புள்ளி, ஒரு முக்கோணம், இரண்டு கோடு. அவளைத் தவிர யாருக்கும் புரியாது. கம்ப்யூட்டர் வந்ததும், பாஸ்வேர்டு போட்டால் வேறு யாராலும் பார்க்க முடியாது என்று கம்ப்யூட்டர் வகுப்பில் சொன்னார்களே என்று நம்பி, ஒவ்வொரு பெண்ணுக்கும் பையனுக்கும் ஒரு குறிப்பு பைல் திறந்து, எல்லாவற்றையும் முழு வாக்கியமாக அடித்து வைத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பைல்.

மாதவன் எஸ்கேப்பைத் தட்டிய அன்றே சங்கரலிங்கத்திடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, குடும்பங்க என்னை நம்பிச் சொன்ன விஷயம் அதுல இருக்கு. மாதவன் தொறந்து பாக்கிறான்."

சங்கரலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலேயே சொன்னார். "சங்கத்துக்குள்ள என்னம்மா ரகசியம்? எல்லாம் நம்ம பிள்ளைகதான. அவன் என்ன, ஊரானா?"

அவள் பைல்களைத் திரையில் தெரியாதபடி மறைத்து வைத்துப் பார்த்தாள். மறுநாள் அந்தப் போல்டருக்குள் புதிதாக ஒரு பைல் இருந்தது. திறந்தாள். "மறைச்சு வச்ச இடம் நல்லாத்தான் இருக்கு, அக்கா" என்று ஒரே வரி.

தனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த இன்பராஜிடம் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்று மெஷின் வைத்துச் சென்டர் நடத்துகிறவர்.

"மெஷின் சுவிட்சப் போட்டதுமே கேக்கிற பாஸ்வேர்டு ஒண்ணு இருக்கு. அதுல எஸ்கேப் செல்லாது. ஆனா அதப் போட்டா அந்தப் பையனால மெஷினையே ஓட்ட முடியாதே?"

"முடியாட்டி எங்கிட்ட வந்து கேக்கட்டும்."

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு அதைப் போட்டாள். "மெஷினை இயக்க என்னைக் கூப்பிடவும்" என்று ஒரு சீட்டு எழுதி மானிட்டரில் ஒட்டினாள். அவன் வேலை நேரத்தையும் சேர்த்துப் பூட்டுவது சரியில்லை என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் செய்தாள். படியிறங்கும்போது சந்தோஷமாகவே இருந்தது.

புதன்கிழமை யாரும் கூப்பிடவில்லை. இரண்டு மணிக்கு மாடியேறிப் போனாள். கம்ப்யூட்டர் பெட்டியின் மூடி சுவரில் சாய்ந்து நின்றது. நான்கு திருகாணிகள் மேஜையில் வரிசையாக இருந்தன. அவள் ஒட்டிய சீட்டின் அடியில் மாதவன் எழுதியிருந்தான்: "எங்கிட்ட ஸ்குரூ டிரைவர் இருக்கு."

சுவிட்சைப் போட்டாள். மெஷின் எதுவும் கேட்காமல் திறந்துகொண்டது. உள்ளே இருக்கிற பொத்தான் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அந்தப் பாஸ்வேர்டு மறந்துபோகும் என்று இன்பராஜ் பிறகுதான் சொன்னார். பேட்டரியைக் கழற்றினால் தேதியும் மறந்துபோகிறது. திரையின் மூலையில் 1980 ஜனவரி ஒன்று, மூன்றரை மணி என்று காட்டியது. தேதியையும் நேரத்தையும் அவளே திருத்தினாள். மூடியை மாட்டித் திருகாணிகளை முறுக்கினாள். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்துக் கோகிலாம்பாள் வந்தாள். மளிகைக் கடை வைத்திருக்கிற குடும்பம். அவள் மகள் அருஞ்சுனைக்கு விருதுநகரில் ஒரு வரன் தங்கச்செல்வி மூலம் கூடிவந்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்க வருவதாக இருந்தார்கள்.

கோகிலாம்பாள் உட்காரவில்லை. நான்காக மடித்த ஒரு தாளைப் பிரித்து மேஜைமேல் அறைந்தாள். இரண்டு ஓரத்திலும் ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிரிண்டர் தாள்.

"ஏ செல்வி, இது ஒன் மெஷின்ல அடிச்சதா, இல்லையா?"

தங்கச்செல்வி படித்தாள். படிக்கத் தேவையே இல்லை. அவள் அடித்த வாக்கியங்கள்தான்.

"அருஞ்சுனை. சிறுவயதில் வலிப்பு. கடைசியாக வந்தது பதினோரு வயதில். மருந்தை நிறுத்திப் பத்து வருடம் ஆகிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் தானே சொல்ல வேண்டும் என்கிறாள் பெண். தாய் பயப்படுகிறார்."

"பேரு போடாம தபால்ல விருதுநகருக்குப் போயிருக்கு. சம்பந்தம் வேண்டாம்னு ஆள் விட்டுச் சொல்லிட்டாக. மறைச்சுக் கட்டிவைக்கப் பாத்தீகளான்னு வேற கேக்காக."

"நான் யாருக்கும் குடுக்கல, அக்கா. சத்தியமாக் குடுக்கல."

"குடுக்கல. எழுதினேல்ல? படியில எறங்கும்போது திரும்பி வந்து ஒங்காதுல சொன்னேன். காதுலதான சொன்னேன்? காகிதத்துலயா சொன்னேன்?"

கோகிலாம்பாளின் குரலைக் கேட்டுக் கீழே கடைக்காரர்கள் இரண்டு பேர் வந்து படியடியில் நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் அவள் தாளைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள்.

தங்கச்செல்வி கதவைச் சாத்தினாள். அருஞ்சுனையின் பைலைத் திறந்தாள். ஒரு பைல் எப்போது எழுதப்பட்டது, கடைசியாக எப்போது பிரிண்ட் எடுக்கப்பட்டது என்பதை அந்த பைலே குறித்துவைத்துக்கொள்ளும். பிரிண்ட் எடுத்தவன் மூடும்போது, சேமிக்கவா என்று மெஷின் கேட்டிருக்கும். ஆமாம் என்று தட்டியிருக்கிறான். கடைசியாகப் பிரிண்ட் எடுத்த நாள்: 1980 ஜனவரி ஒன்று. நேரம்: நள்ளிரவுப் பன்னிரண்டு மணி நாற்பத்தேழு நிமிடம்.

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்தப் புதன்கிழமை இரண்டு மணிக்கு அவள் பார்த்தபோது மெஷினில் மூன்றரை. அப்படியென்றால் மெஷின் புதிதாக நள்ளிரவுப் பன்னிரண்டிலிருந்து எண்ணத் தொடங்கியது காலை பத்தரைக்கு. நாற்பத்தேழு நிமிடம் கழித்து என்றால் பதினொன்றேகால். தேதியை அவள் திருத்தும் வரை, உலகத்திலேயே இந்த மேஜையில் மட்டும்தான் 1980 நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் இங்கே உட்கார்ந்திருந்தவன் ஒருவன்தான்.

சங்கரலிங்கத்தை மாடிக்கு அழைத்துவந்து திரையைக் காட்டி, நேரத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொன்னாள். அவர் மாதவனைக் கூப்பிட்டார். மாதவன் குனிந்து திரையைப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தான்.

"மாமா, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுல நான் மூணாங்கிளாஸ்ல பலப்பம் தின்னுக்கிட்டிருந்தேன். அப்ப எடுத்த பிரிண்டாம்ல."

"பேட்டரியக் கழட்டினது நீ. தேதி போனது அதனால. அன்னைக்குக் காலையிலதான் எடுத்திருக்க."

"கெட்டுப்போன கடிகாரத்த வச்சுக் கேஸ் ஜோடிக்கீக."

சங்கரலிங்கத்துக்குக் கணக்கு விளங்கிவிட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்ட விதத்திலேயே அது தெரிந்தது. "நடந்தது நடந்துபோச்சு. இதப் பெருசாக்காதம்மா. பொண்ணு பேருதான் இன்னும் கெடும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்த வாரக் கடைசியில், அதே விருதுநகர் மாப்பிள்ளைக்குச் சங்கரலிங்கத்தின் கொழுந்தியாள் மகளைப் பேசுவதாகத் தகவல் வந்தது.

பைல்களை ஒழித்துவிடுவதென்று தங்கச்செல்வி முடிவு செய்தாள். இன்பராஜிடம் கேட்டபோது, வெறுமனே அழித்தால் போதாது என்றார். "அழிச்சா, அட்டவணையில இருந்து பேரு மட்டுந்தான் போகும். பக்கம் உள்ளயே கெடக்கும். அவன் தோண்டி எடுத்துருவான். மொத்தத்தையும் பார்மட் பண்ணி, மேல புதுசா ஏத்திருங்க." விண்டோஸ் சிடியும் ஒரு பிளாப்பியும் கொடுத்தார்.

திங்கட்கிழமை மதியம் முதலில் சங்கத்தின் பைல்களை எல்லாம் பதினோரு பிளாப்பியில் நகலெடுத்தாள். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டி, சங்கரலிங்கத்திடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். ஏதோ வழக்கமான வேலை என்று நினைத்து அவரும் போட்டுக்கொடுத்தார். அதன் பிறகு பார்மட் கொடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று சதவீதம் என்று எண் ஏறிக்கொண்டே போனது. நானூற்றுப் பன்னிரண்டு குடும்பம் அவள் காதில் சொன்னது மறைந்துகொண்டிருந்தது. நூறு வரும் வரை நாற்காலியை விட்டு எழவில்லை.

விண்டோஸ் ஏறியது. ஆனால் மெஷினுக்குப் பாதிக் கண் போனதுபோல இருந்தது. திரையில் பதினாறே நிறம். எழுத்துகள் ஒவ்வொன்றும் புளியங்கொட்டை பருமனுக்கு வந்தன. பிரிண்டரில் தமிழில் ஒரு வரி கொடுத்துப் பார்த்தாள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரு பக்கம் வந்து விழுந்தது.

செவ்வாய்க்கிழமை காலை மாதவன் அதைப் பார்த்தான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே மாமாவிடம் போனான். இரண்டு மணிக்கு அவள் வரும்போது சங்கரலிங்கம் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பொதுக்குழு அறிவிப்பு அறுநூறு பேருக்கு சனிக்கிழமை தபால்ல போகணும். மெஷின நாசம் பண்ணி வச்சிருக்க. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள பிரிண்டர் ஓடலைன்னா வரன் பிரிவ மூடிருவோம்."

"டிரைவர் இல்லாமத்தான் ஓடல, அண்ணாச்சி. மெஷினோட பிளாப்பி வந்திருக்குமே? மாதவனக் குடுக்கச் சொல்லுங்க."

கதவோரம் நின்ற மாதவன் கையை விரித்தான். "அப்படி ஒண்ணும் வரலையே, மாமா."

பிரிண்டருக்கும் மானிட்டருக்கும் எப்படி வேலை செய்வதென்று மெஷினுக்குச் சொல்லித்தருகிற சின்ன புரோகிராம்தான் டிரைவர் என்றும், அந்தந்த மாடலுக்கு அதனதன் டிரைவர்தான் வேண்டும் என்றும், அந்தப் பிரிண்டருக்கானது தன் சிடியில் இல்லை என்றும் இன்பராஜ் சொல்லியிருந்தார். தங்கச்செல்வியே திருகாணியைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தாள். டிஸ்பிளே கார்டின் மேல் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்து, அதிலிருந்த பொடி எண்ணை ஒரு சீட்டில் எழுதினாள். பிரிண்டரைக் கவிழ்த்து அடியிலிருந்த மாடல் எண்ணையும் எழுதிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை மதுரை பஸ்ஸில் ஏறினாள். காரியாபட்டியில் கல்லூரிப் பிள்ளைகள் ஏறியதும் நிற்கவும் இடமில்லாமல் போயிற்று. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் நான்கு கடை ஏறி இறங்கினாள். டிஸ்பிளே கார்டின் எண்ணைப் பார்த்ததும் ஒரு கடைக்காரர் ஐந்தே நிமிடத்தில் டிரைவரை பிளாப்பியில் போட்டுக் கொடுத்துவிட்டார். பிரிண்டர் மாடலைப் பார்த்து எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியாக, சங்கத்துக்கு மெஷினை விற்ற கடைக்கே போனாள்.

முதலாளி அவள் ஊர்ப்பெயரைச் சொன்னதுமே முகத்தை மாற்றிக்கொண்டார். "ஒங்க சங்கத்துல இருந்து நேத்தே போன் வந்துச்சு. ஒரு பொம்பள வந்து டிரைவர் கேக்கும், குடுக்கக் கூடாதுன்னு."

"போன் பண்ணினது யாரு?"

"மாதவன். அவர்தானே மெஷின வாங்கிட்டுப் போனாரு."

மாடல் எண் எழுதிய சீட்டை அவள் மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு சொன்னாள்: "டிரைவர் வேண்டாம். மெஷினோட என்னென்ன குடுத்தீங்கன்னு டெலிவரி ரசீது இருக்கும்ல? அதுக்கு ஒரு நகல் குடுங்க. அதக் குடுக்கக் கூடாதுன்னு அவன் சொல்லலையே?"

முதலாளி யோசித்தார். அதற்குள் பில் போடுகிற பெண் ரசீதுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டத் தொடங்கிவிட்டாள். அடுத்த கடையில் நகலெடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். மானிட்டர் ஒன்று, கீபோர்டு ஒன்று, பிரிண்டர் ஒன்று, டிரைவர் பிளாப்பி மூன்று. சரியாகப் பெற்றுக்கொண்டேன், ஆர். மாதவன்.

தாளைக் கொடுக்கும்போது அந்தப் பெண் மெல்லச் சொன்னாள்: "இதே பிரிண்டர் திருச்சுழிக்கு ஒண்ணு போயிருக்குக்கா. பத்திரம் டைப் அடிக்கிற கடை. பேரு ஜெயபாண்டி."

வியாழக்கிழமை திருச்சுழி. வழியெல்லாம் சீமைக்கருவேலும் கரிமூட்டைகளும்தான். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே தகரம் வேய்ந்த கடையில் ஜெயபாண்டி இருந்தான். நாற்பது வயது. புன்செய் நிலம் வைத்திருக்கிற குடும்பம். மழை இல்லாத வருடங்களில் டைப் அடிக்கப் பழகிக்கொண்டவன். வெளியே பத்திரத்துக்காக எட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

"கம்பெனி பிளாப்பி. வெளிய குடுக்க மாட்டேன்" என்றான், தலையை நிமிர்த்தாமல்.

"எடுத்துட்டுப் போகலைங்க. இங்கயே நகல் எடுத்துக்கிறேன்."

"ஒங்க பிளாப்பியில வைரஸ் இருந்தா? எட்டுப் பேரு பத்திரம் இதுக்குள்ள கெடக்கு. நீங்களா பதில் சொல்வீக?"

அவள் பக்கத்துக் கடையில் பிரிக்காத புது பிளாப்பி வாங்கிவந்து வைத்தாள். அவன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வெளியே நிற்பவர்களைக் காட்டினான். பதினொரு மணியிலிருந்து காத்திருந்தாள். பன்னிரண்டுக்குக் கரண்டு போனது. தகரக் கூரை கொதித்தது. ஒன்றரைக்கு வந்தது. மூன்று மணிக்குக் கடைசி ஆளையும் அனுப்பிவிட்டு அவன் அவளுடைய பிளாப்பியைச் செருகினான்.

"டிரைவர தொலைக்கிற அளவுக்கு மெஷின எதுக்கு அழிச்சீக?"

"மத்தவுக ரகசியத்த எழுதி வச்சிருந்தேன். ஒருத்தன் படிச்சிட்டான்."

"எதுக்கு எழுதினீக?"

"மறந்துருவேனோன்னு."

"மறந்தா என்ன?"

அவன் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். மெஷின் பிளாப்பியைக் கறகறவென்று எழுதி முடித்தது. அவன் அதை எடுத்து அவள் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த பத்திரத்தை எடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கே சங்கத்துக்குப் போனாள். மாதவனின் நேரம். அவன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"எந்திரி. டிரைவர் ஏத்தணும்."

"ஒங்க நேரம் ரெண்டு மணிக்கு."

"மத்தியானத்துக்குள்ள ஓடணும்னு ஒங்க மாமாதான் சொன்னாக."

"அப்ப ஓட்டிக் காட்டுங்க. நான் எந்திரிக்க மாட்டேன்."

அறிவிப்பு தயாராகிவிட்டதா என்று பார்க்கத் துணைத் தலைவர் ரத்தினம் அப்போது மாடிக்கு வந்தார். அவருக்கும் சங்கரலிங்கத்துக்கும் போன தேர்தலிலிருந்தே பேச்சு இல்லை. சங்கரலிங்கமும் அவருக்குப் பின்னாலேயே வந்துவிட்டார். ரத்தினம் மாதவனைப் பார்த்து, "எந்திரிலே" என்றார். அவன் எழுந்தான்.

தங்கச்செல்வி இரண்டு டிரைவரையும் ஏற்றி, மெஷினை நிறுத்தி ஓட்டினாள். எழுத்துகள் பழைய அளவுக்கு வந்தன. பிரிண்டர் கிர்ரென்று தாளை இழுத்து, பொதுக்குழு அறிவிப்பை அழகாகத் தமிழில் அடித்துக் கொடுத்தது. அவள் அந்தத் தாளைக் கிழித்து ரத்தினத்திடம் கொடுத்தாள். கூடவே மதுரை ரசீதின் நகலையும் கொடுத்தாள்.

"டிரைவர் பிளாப்பி மூணு வந்திருக்கு, அண்ணாச்சி. வாங்கினவன் கையெழுத்து கீழ இருக்கு. வரவே இல்லன்னு ஒங்க செயலாளர் முன்னாடி சொன்னான்."

ரத்தினம் ரசீதைப் படித்தார். மேஜையில் பூட்டியிருந்த டிராயரைக் காட்டி, "டிராயரத் தொற" என்றார் மாதவனிடம்.

"அது எம் சொந்த டிராயரு."

"மேஜை சங்கத்து மேஜைதான?"

மாதவன் மாமாவைப் பார்த்தான். சங்கரலிங்கம் ஜன்னலைப் பார்த்தார். சாவி வெளியே வந்தது. டிராயருக்குள் ரப்பர் வளையம் போட்ட மூன்று பிளாப்பிகள் இருந்தன. அவற்றுக்கு அடியில் மடித்த பிரிண்டர் தாள்கள் நான்கு.

ரத்தினம் முதல் தாளைப் பிரித்தார். வெற்றி பெற்ற முகத்தோடு படிக்கத் தொடங்கியவர் மூன்றாவது வரியில் நின்றுவிட்டார். அது அவருடைய தம்பி மகளைப் பற்றியது. மாதவனின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். பிறகு தங்கச்செல்வி பக்கம் திரும்பினார்.

"இத எழுதினது நீயா?"

"ஆமா, அண்ணாச்சி."

"எங்க தம்பி பொண்டாட்டி ஒங்கிட்ட சொன்னதா?"

"ஆமா."

அவளையும் அடித்துவிடுவார் போலிருந்தது. அடிக்கவில்லை. தம்பி மகளின் தாளைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். மற்ற மூன்றையும் அவர் எடுக்குமுன் தங்கச்செல்வி கை வைத்துவிட்டாள். "இது எங்கிட்ட சொன்னது. நீங்க படிக்கக் கூடாது" என்று சொல்லி, அங்கேயே சுக்கல் சுக்கலாகக் கிழித்தாள்.

அன்று மாலையே நிர்வாகிகள் கூடி முடிவு செய்தார்கள். மாதவன் சங்க வேலையிலிருந்து விலக வேண்டும். வரன் தகவல் பிரிவு மூடப்படும். விஷயம் வெளியே போகக் கூடாது. "எழுதினவளும் வேண்டாம், படிச்சவனும் வேண்டாம்" என்று ரத்தினம் சொன்னதைச் சங்கரலிங்கமும் ஒப்புக்கொண்டார். ஒரு வருடத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சொன்னது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை தங்கச்செல்வி கிழித்த தாள்களுக்குரிய மூன்று வீட்டுக்கும் போனாள். ஒங்க விஷயத்தை இன்னொருத்தன் படித்துவிட்டான், எழுதி வைத்தது என் தப்பு என்று சொன்னாள். முதல் வீட்டில் நாயை அவிழ்த்துவிடுவேன் என்றார்கள். இரண்டாவது வீட்டில் அந்த அம்மாள் அழுதாள். மூன்றாவது வீட்டில் ஜாதகத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள்.

கடைசியாகக் கோகிலாம்பாள் வீடு. வாசலில் நின்றே நடந்ததைச் சொன்னாள். மாதவனை வெளியேற்றியதையும் சொன்னாள்.

"அவன வெளிய தள்ளினா எம்பொண்ணுக்கு என்ன வந்துச்சு?" என்றாள் கோகிலாம்பாள். "அவன் கன்னத்துல விழுந்த அடி எங்களுக்கு என்னத்துக்கு ஆகும்? போ, போயிரு."

உள்ளேயிருந்து அருஞ்சுனை வந்தாள். இருபத்துமூன்று வயது. அவள் குரலை உயர்த்தவில்லை.

"அக்கா, ஞாயித்துக்கிழமை அவுக வரும்போது நானே சொல்றதா இருந்தேன். எப்படி ஆரம்பிக்கணும், எத முதல்ல சொல்லணும்னு கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாத்து வச்சிருந்தேன். வேண்டாம்னு சொன்னாலும் சொல்லட்டும், எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்னு இருந்தேன். எனக்கு முந்தி ஒங்க காகிதம் போயிச் சொல்லிருச்சு."

"அழிச்சிட்டேன், அருஞ்சுனை. மெஷின்ல ஒண்ணும் இல்ல."

"நோட்டுல?"

"ஒரு புள்ளி வச்சிருக்கேன். யாருக்கும் புரியாது."

"அதையும் கிழிச்சிருங்க. அம்மா மாதிரிக் கத்த எனக்கு வரல. ஆனா நீங்க இனிமே இங்க வராதீக."

வீட்டுக்கு வந்து ஆறு வருட நோட்டுகளையும் அடுப்படியில் வைத்து எரித்தாள். புள்ளியும் முக்கோணமும் கோடும் எரிவதற்கு வெகுநேரம் பிடித்தது.

ஆறு மாதத்தில் மாதவன் பந்தல்குடி ரோட்டில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் சென்டர் திறந்தான். திறப்பு விழாவுக்குச் சங்கரலிங்கம்தான் குத்துவிளக்கு ஏற்றினார். தங்கச்செல்வி இன்பராஜின் சென்டரில் பாடம் எடுக்கப் போனாள். வழியில் எதிரும்புதிருமாகப் பார்த்தால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் ரோட்டைக் கடந்தார்கள். விருதுநகர் மாப்பிள்ளை சங்கரலிங்கத்தின் கொழுந்தியாள் மகளையும் கட்டவில்லை.

அருஞ்சுனைக்கு மறு வருடம் ஆவணியில் சாத்தூரில் முடிந்தது. முதலில் வந்த ஒரு வீட்டாரிடம் அவளே உட்கார்ந்து வலிப்பைப் பற்றிச் சொல்ல, அவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்களாம். சாத்தூர்க்காரர்கள் டாக்டர் பெயரைக் கேட்டு, மதுரைக்குப் போய் அவரிடமே பேசிவிட்டுச் சம்மதம் சொன்னார்களாம். இதெல்லாம் தங்கச்செல்விக்குக் காரியாபட்டி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி சொல்லித்தான் தெரிந்தது. அவளுக்குப் பத்திரிகை வரவில்லை. கல்யாணம் எந்த மண்டபத்தில் நடந்தது என்று அவள் கேட்டுக்கொள்ளவும் இல்லை.